காம்பராவுல இருந்தே மொத ஷூகேஸ் ஆல்பம் ரெக்கார்ட் பண்றது எப்படி

மொத ஷூகேஸ் (shoegaze, கிட்டார் சத்தத்த சுவரு மாதிரி எழுப்பி மெதுவான குரல அதுக்குள்ள அமுக்கி வைக்கிற ராக் இசை) ஆல்பம் பண்ணணும்னு ஆசையோட இருக்கிற மலையகத்து தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. கொழும்பு ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்குல காசு கட்டத் தேவையில்ல, லயத்துல ஒரு காம்பரா, ஒரு லேப்டாப், ரெண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்பேஸ் (மைக், கிட்டார் சத்தத்த லேப்டாப்புக்குள்ள அனுப்புற பெட்டி), கிட்டார், மைக் இருந்தா தொடங்கிரலாம். ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாப்ட்வேர 60 நாள் காசு குடுக்காம பாவிச்சுப் பாக்கலாம்.

மொதல்ல ட்ரம்ஸும் பேஸும். இதுல ரிவெர்ப் (பெரிய மண்டபத்துல மாதிரி சத்தம் எதிரொலிச்சு நீளுறது) கிட்டத்தட்ட வேணாம். தலவாக்கலையில பனி எறங்குறப்ப பாத்திருப்பீங்க, பக்கத்துல நிக்கிற மரம் கருப்பா தெரியுறதாலதான் பின்னால மலை எவ்வளவு தூரம்னு தெரியுது, எல்லாமே வெள்ளையாயிட்டா ஒண்ணுமே தெரியாது, பாட்டும் அப்படித்தான்.

அடுத்தது கிட்டார், இதுக்குத்தான் நேரம் எடுக்கணும். ஒரே பார்ட்ட ரெண்டு தடவ வாசிச்சு ஒண்ண முழுசா இடப்பக்கமும் மத்தத வலப்பக்கமும் தள்ளுங்க, காப்பி பண்ணி ஒட்டுனா சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. பெடல் வரிசையில ரிவெர்ப முன்னுக்கும் ஃபஸ்ஸ (சத்தத்த உடைச்சுக் கரகரப்பாக்குற பெடல்) அதுக்குப் பின்னுக்கும் வச்சுப் பாருங்க, ரிவெர்போட வால் பகுதியும் சேந்து உடைஞ்சு ஒரு சுவரு மாதிரி எழும்பும். 1991ல வந்த மை ப்ளடி வேலன்டைன் பேண்டோட லவ்லெஸ் ஆல்பத்துல அதோட கிட்டாரிஸ்ட் கெவின் ஷீல்ட்ஸ் ட்ரெமலோ ஆர்ம (கம்பிகளோட சுருதிய ஏத்தி எறக்குற கைப்பிடி) கையிலயே புடிச்சுக்கிட்டு ஸ்ட்ரம் பண்றாரு, அதாலதான் சுருதி அலையலையா ஆடுது. உங்க கிட்டார்ல ஆர்ம் இல்லன்னா ரெண்டாவது டேக்குக்கு கம்பிகள கொஞ்சூண்டு எறக்கி ட்யூன் பண்ணி வாசிங்க, அதே மாதிரி இல்லாட்டியும் மெதுவா ஒரு ஆட்டம் வரும்.

இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கிட்டார்ல இருக்கிறது சிங்கிள் காயில் பிக்அப்னா (கம்பி அதிர்வ புடிக்கிற ஒத்தச் சுருள்) அந்த இரைச்சல் ஏறும், சார்ஜர கழட்டிட்டு கிட்டார கொஞ்சம் திருப்பி உக்காந்தா குறையும். ஒவ்வொரு டேக்குக்கும் சேவ் பண்ணுங்க, பேட்டரி செத்த லேப்டாப்புல கரண்ட் போய் எனக்கு ஒரு ராத்திரி வேலையே அழிஞ்சிருக்கு.

பாடுறதுக்கு சுவத்துல கம்பளியும் படங்கும் தொங்கவிட்டு மைக்குக்கு கிட்ட நின்னு மெதுவா பாடுங்க, தகரத்துல மழை விழுறப்ப வேணாம் (அந்தச் சத்தத்த ஃபோன்ல தனியா எடுத்து வச்சுக்குங்க, பாட்டு தொடங்கவும் முடியவும் அழகா இருக்கும்). நம்ம பாஷையில ஆ, ஓ மாதிரி நெடிலும் ம, ன மாதிரி மெல்லின எழுத்தும் ல மாதிரி இடையின எழுத்தும் ரிவெர்புக்குள்ள நல்லா மெதக்கும், க்க, ட்ட அடிக்கடி வந்தா குத்தும், அதனால வரி எழுதுறப்பவே பாத்துக்குங்க. எனக்குப் புடிச்ச வேலை ஒண்ணு இருக்கு: பாடுனத கடைசியில இருந்து மொதலுக்கு ஓடுற மாதிரி திருப்பிப் போட்டு, அதுக்கு ரிவெர்ப் மட்டும் குடுத்து அந்தச் சத்தத்த தனியா எடுத்து, அத மறுபடி திருப்பி அசல் குரலோட வைங்க. வார்த்த வாரதுக்கு முன்னாலயே அதோட மூச்சு பெருகி வரும்.

மிக்ஸ் பண்றப்ப ரிவெர்ப தனி ட்ராக்ல வச்சு 200 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிருங்க, ப்ரீடிலே (ரிவெர்ப் தொடங்குறதுக்கு முன்னால விடுற இடைவெளி) 30, 40 மில்லிசெக்கன் குடுங்க. குரல் கிட்டாருக்குள்ள அமுங்கி இருக்கட்டும், ஆனா ஒவ்வொரு பாட்டுலயும் ஒரு வரியாவது வெளங்கணும், நம்ம ஆச்சிக்கும் கேக்கணும்தானே. கடைசியா மோனோவுல (இடமும் வலமும் ஒண்ணா சேத்து) போட்டு ஃபோன் ஸ்பீக்கர்ல கேளுங்க, கிட்டார் காணாம போச்சுன்னா ஃபேஸ் பிரச்சின (ரெண்டு சத்தமும் ஒண்ண ஒண்ணு அழிக்குது), அந்த டேக்க திரும்ப வாசிங்க. சரியா இருந்தா 24 பிட் வேவ் ஃபைலா எடுத்து பேண்ட்கேம்ப்ங்கிற பாட்டு விக்கிற வெப்சைட்ல ஏத்திருங்க.