ஹைட்ரஜன் கிட் போட்டதும் எரிந்த எஞ்சின் விளக்கு

காரில் ஹைட்ரஜன் கிட் (தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் ஹைட்ரஜனை எஞ்சினுக்குள் விடும் கருவி) மாட்டிய பிறகு எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தது. மேடு ஏறும்போது எஞ்சினில் தட்டுகிற சத்தம் வேறு. ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி0172 (P0172), அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்ரோல் அதிகமானால் கரி அல்லவா படிந்திருக்க வேண்டும்!

காரணம், கிட்டோடு வந்த சின்னப் பெட்டி. எஞ்சின் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரின் சிக்னல் சாதாரணமாக 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஊசலாடும். நடுப்புள்ளி சுமார் 0.45. அதற்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். இந்தப் பெட்டி அதில் கொஞ்சம் வோல்ட்டைக் கூட்டிவிடுகிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போகிறது. எஞ்சினோ காற்று மிகுந்த கலவையில் சூடேறிக்கொண்டிருந்தது.

பெட்டியின் திருகை மெல்லத் திருப்பி, கூட்டிய வோல்ட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். மைனஸில் கிடந்த ஃபியூவல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று ஸ்கேனரில் தெரியும் அளவு) பூஜ்யத்தை ஒட்டி வந்தது, சத்தமும் நின்றது.

அப்புறம் பெட்டியையே கழற்றிவிட்டேன். கிட்டின் ஹைட்ரஜனும் இலவசமில்லை: அதைப் பிரிக்கும் மின்சாரமும், எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் வழியாக அதே பெட்ரோலில் இருந்துதான் வருகிறது. கிட் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றே ஃபியூவல் ட்ரிம்மைப் பாருங்கள்; வால்வு கருகிய பிறகு பார்த்துப் பயனில்லை.