தோல் பூட்ஸுக்கு எந்த பாலிஷ் வாங்கலாம்?

கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியிலும் ஓசூர் தொழிற்சாலைகளிலும் நாள் முழுக்கத் தோல் பூட்ஸ் போடுபவர்களே, முதலில் நல்ல பிரஷ் வாங்குங்கள். தூசியைத் தட்டாமல் பாலிஷ் தேய்த்தால் கல்தூள் தோலைக் கீறிவிடும். குதிரைமுடி பிரஷ் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அவ்வளவு மென்மை.

கடையில் ஸ்பாஞ்ச் வைத்த திரவ பாலிஷை நீட்டுவார்கள். அவசரத்துக்குச் சரி. தினமும் தடவினால் படலமாகக் காய்ந்து, கால் மடியும் இடத்தில் வெடிக்கும். கிரீம் பாலிஷ் தோலை இளக்கி நிறத்தை மீட்கும். டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ் பளபளப்புக்கும் மழைத்துளி ஊறாமலிருக்கவும். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் நான் கிரீமைத்தான் எடுப்பேன். நிறம் பொருந்துமா என்ற சந்தேகம் இருந்தால் நியூட்ரல், அதாவது நிறமில்லாத பாலிஷ், கேளுங்கள்.

அப்புறம், துடைக்கப் பழைய பனியன் துணியே போதும். மேலே மெல்லிய பஞ்சுபோல் இருக்கும் ஸ்வேட் தோலில் மட்டும் இந்த பாலிஷ் எதையும் தடவாதீர்கள்.