ஏஆர்-3ஏ ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரைச் சரிசெய்தல்

என்னிடம் இருக்கும் ஏஆர்-3ஏ ஜோடியின் முதுகில் ‘24, தோர்ன்டைக் தெரு, கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்’ என்று முகவரி ஒட்டியிருக்கிறது. நான் குடியிருக்கும் ஊரிலிருந்து அந்தத் தெருவுக்குக் காரில் அரை மணி நேரம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொண்டுவந்து முதலில் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். தவில் நெஞ்சில் வந்து விழுந்தது. நாதஸ்வரமோ போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்டது. சீவாளியின் அந்தக் கூர்மையே இல்லை.

அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி 1967-இல் கொண்டுவந்த பெட்டி இது. தாழ்ந்த ஒலிக்கு 12 அங்குல ஊஃபர், நடு ஒலிக்கு ஒன்றரை அங்குல மிட், உச்ச ஒலிக்கு முக்கால் அங்குல ட்வீட்டர். 575 ஹெர்ட்ஸிலும் 5,000 ஹெர்ட்ஸிலும் ஒலியைப் பிரித்து மூன்றுக்கும் பங்கு வைப்பது உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர். மேல் ஸ்தாயி செத்திருந்தால் ட்வீட்டர் போய்விட்டது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு.

திருநெல்வேலியில் என் மாமா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கேதான் கிடப்பேன். “டேய், முதல்ல அளந்து எழுது, அப்புறம் கையை வை” என்பார். நான் அதை மறந்து, முதலில் எடுத்த பெட்டியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். சத்தம் திரும்பியது. ஆனால் கெட்டிருந்தது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவது பெட்டியில் நிதானமாகச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியைத் திறக்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். 1, 2, டி என்று மூன்று திருகுகள் இருக்கும். 2-க்கும் டி-க்கும் நடுவே ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்க வேண்டும். அது காணாமல் போயிருந்தால் மிட்டும் ட்வீட்டரும் பேசாது, ஊஃபர் மட்டும் பாடும். அடுத்து, பாட்டு ஓடும்போதே, மிட்டையும் ட்வீட்டரையும் கூட்டிக் குறைக்கப் பின்னால் உள்ள இரண்டு கன்ட்ரோல்களையும் மெல்லத் திருகுங்கள். கரகரவென்று சத்தம் விட்டு விட்டு வந்தால் நோய் அங்கேதான்.

திறப்பது ஊஃபர் வழியாக. பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்துத் திருகுகளைக் கழற்றுங்கள். ஊஃபரின் காந்தம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று இழுக்கும். கூம்பு கிழிந்துவிடும், பிடியை விடாதீர்கள். சட்டத்துக்கு அடியில் புட்டி ஒட்டியிருக்கும், பொறுமையாகத் தூக்குங்கள். உள்ளே அடைத்திருப்பது கண்ணாடி இழை. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். எடுத்ததை ஒரு பையில் கட்டி எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இது மூடிய பெட்டி, உள்ளே அடைபட்ட காற்றுதான் ஊஃபருக்கு ஸ்பிரிங். எடுத்த பஞ்சு அத்தனையும் திரும்ப உள்ளே போயாக வேண்டும்.

ஒயர் ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தாளில் வரைந்த பிறகுதான் கழற்ற வேண்டும். போட்டோ மட்டும் போதாது. வரையும்போதுதான் சர்க்யூட் புரியும். காயில்களை, அதாவது கம்பிச் சுருள்களை, மாற்றாதீர்கள், செம்புக் கம்பிக்கு வயதாவதில்லை. மூப்பு வருவது மின்னூட்டத்தைத் தேக்கும் கண்டன்சருக்கு. என் பெட்டிகளில் மெழுகு ஊற்றிய அட்டைக்கூட்டுக்குள் இருந்தன. ஊஃபருக்குக் குறுக்கே 150 மைக்ரோஃபாரட், மிட்டுக்கு 50, ட்வீட்டருக்கு 6. கண்டன்சரின் ஒரு முனையையாவது விடுவித்துவிட்டு, கண்டன்சரின் அளவைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் காயிலும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். எனக்கு 6 என்பது 7.4 காட்டியது, 50 என்பது 58. எண் கூடினால் நல்லதுதானே என்று எண்ண வேண்டாம். கசிவு வந்தாலும் மீட்டர் கூடுதலாகவே காட்டும். ஈஎஸ்ஆர் எனும் உள் மின்தடையையும் பாருங்கள். அது ஏறினால் ட்வீட்டர் அடங்கிப்போகும்.

புதிதாகப் போடுவது துருவம் இல்லாத வகையாக இருக்க வேண்டும், 100 வோல்ட் தாராளம். 6-க்குப் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் போட்டேன். 50-க்கும் 150-க்கும் நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக். விலை உயர்ந்ததாக வாங்கினால் ஒலி உயரும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபிலிம் வகையில் உள் மின்தடை மிகக் குறைவு என்பதால் ட்வீட்டர் கொஞ்சம் முந்திக்கொள்ளும். அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்ததும் அடங்கியது. ஈயம் வைத்ததும் கண்டன்சரைப் பலகையோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பேஸ் அடிக்கும்போது அதிரும்.

இனி அந்த இரண்டு கன்ட்ரோல்கள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். பீங்கான் வளையத்தில் கம்பி சுற்றி, அதன்மேல் ஒரு உலோக நாக்கு ஓடும் அமைப்பு. ஐம்பது வருஷத்தில் நாக்கும் கம்பியும் பச்சை பூத்துப் போயிருக்கும். ஸ்ப்ரே அடித்தால் ஒரு மாதம் வரும், பிறகு பழைய கதைதான். முழுக்கப் பிரித்து, நாக்கை மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாக்கி, கம்பிச் சுற்றை வினிகர் தொட்ட துணியால் துடைத்து, தண்ணீரில் அலசிக் காயவைத்து, தொடுமுனைக் கிரீஸ் தடவி மூடினேன். மீட்டரைப் பிடித்துக்கொண்டு திருகினால் எண் தாவாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கம்பி அறுந்திருந்தால் மட்டும் எல்-பேட் எனும் வேறு வகை ஒலிக் கன்ட்ரோலைப் போடுங்கள். அது சர்க்யூட்டுக்குக் காட்டும் சுமை வேறு, அசல் குரல் கொஞ்சம் மாறும்.

ட்வீட்டரின் முகத்தில் தலைமுடி போல் ஓடும் கம்பிகளைத் தொடவே தொடாதீர்கள்.

பஞ்சைத் திரும்ப அடைத்து, புதுப் புட்டி வைத்து ஊஃபரை மூடியதும், கூம்பை விரல்களால் மெதுவாக அமுக்கிவிட்டுப் பாருங்கள். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது. தயங்கித் தயங்கி எழுந்தால் சரி. பிறகு மோனோவில் அதே நாதஸ்வரத்தை இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். சீவாளி வந்துவிட்டிருந்தது. ஒரு வாரம் போனால் புட்டி அமுங்கியிருக்கும். ஊஃபர் திருகுகளை இன்னொரு கால் சுற்று இறுக்கிவிடுங்கள்.