பழைய பிரெய்ல்நோட்டைப் பிரெய்ல் திரையாக மாற்றலாம்

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் குறிப்பேட்டுக் கருவியான பழைய பிரெய்ல்நோட் ஏபெக்ஸில் புதிய செயலி ஏறவில்லை என்று ஒதுக்கி வைக்காதீர்கள். அதைக் கணினியின் பிரெய்ல் திரையாக இயங்கும் டெர்மினல் நிலைக்கு மாற்றி, யூஎஸ்பி வழியாகவோ ப்ளூடூத் வழியாகவோ விண்டோஸ் கணினியில் இணையுங்கள். கணினியில் இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவை நிறுவி, என்விடிஏ விசை (வழக்கமாக இன்ஸர்ட்), கன்ட்ரோல், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரெய்ல் கருவிகளின் பட்டியல் வரும். அதில் ஹியூமன்வேர் பிரெய்ல்நோட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஏபெக்ஸின் அடித்தளம் விண்டோஸ் சிஇ 6.0 என்ற, சிறு கருவிகளுக்கான பழைய இயங்குதளம். இன்றைய உலாவிகள் அதில் ஓடாது. ஆனால் டெர்மினல் நிலையில் மென்பொருள் வேலை முழுவதையும் கணினிதான் செய்கிறது. கருவி புள்ளிகளை எழுப்பி, நாம் அழுத்தும் விசைகளைக் கணினிக்குத் தெரிவித்தால் போதும். அப்புறம் உலாவி, வேர்ட், மின்னஞ்சல் எல்லாம் விரலுக்கு வந்துவிடும். எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் என்விடிஏவின் வெளியீட்டு அட்டவணைகளில் தமிழும் இருக்கிறது! புதிய பிரெய்ல் திரையின் விலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கணினி இல்லாத இடத்தில் இது உதவாது. சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு வழியாக மட்டுமே இணையும் முதல் பிரெய்ல்நோட் என்றால் கணினியிலும் அந்த போர்ட் வேண்டும். புள்ளிகள் தேய்ந்து எழும்பாமல் போயிருந்தால், முதலில் பழுதுபார்க்கக் கொடுங்கள்.