முதலில் தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள்: ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு

ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும், தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு பெயர் போதாது. வீட்டில் எத்தனை குடும்பப் பெயர்கள் இருக்கின்றனவோ அத்தனையும் வேண்டும்.

நம் பாஸ்போர்ட் சங்கதி தெரியுமே. எங்கள் வீட்டில் கணவர் பெயருக்குப் பின்னால் என் மாமனார் பெயர். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். பிள்ளைகள் இருவருக்கும் பின்னால் கணவர் பெயர். நான்கு பேர், மூன்று குடும்பப் பெயர்கள். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குத் தனித்தனிக் கதவு எண் பெரும்பாலும் கிடையாது. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். நாங்கள் கணவரின் குடும்பப் பெயரை மட்டும் ஒட்டியிருந்தோம். எனக்கும் பிள்ளைகளுக்கும் வந்த கடிதங்கள் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயின. காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் அதில் போய்விட்டன. பிள்ளைகளின் வரி எண் இல்லாமல் கிண்டர்கெல்ட், அதாவது பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகை, அதற்கான விண்ணப்பம் நகராது. அது 2025-ல் ஒரு பிள்ளைக்கு மாதம் 255 யூரோ, சிறு தொகை இல்லை. விண்ணப்பித்த மாதத்திலிருந்து பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் சான்று இல்லாமல் போனால் வேலை நடக்காது. அங்கே தரும் தாளில் நான்கு பேர் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அந்த எழுத்துகள்தான் பிறகு எல்லா இடத்துக்கும் போகும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே ஊரில் சரிசெய்துகொள்ளுங்கள். பதிந்த சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வந்தால் ஒருவர் கட்டுவதைச் சொல்லி மற்றதை நிறுத்திவிடலாம்.

பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் என்னை ‘ஃப்ராவ்’, அதாவது திருமதி, என்று சொல்லி என் அப்பா பெயரைச் சேர்த்து அழைப்பார்கள். முதல் சில தடவை அது எனக்கான அழைப்பு என்றே தெரியவில்லை. என் முறை போய்விட்டது. பிள்ளைகளிடமும் முன்பே சொல்லி வையுங்கள். அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இன்று முன்பின் தெரியாதவர்கள்கூட தினமும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். இந்தப் பகுதியில் கேர்வோஹ என்று ஒரு வழக்கம் உண்டு. கதவில் ஒரு சிறு அட்டை தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டைச் சுத்தம் செய்வது உங்கள் முறை. முடித்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நான் அதை விளம்பர அட்டை என்று நினைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். கீழ்வீட்டுப் பாட்டி சனிக்கிழமை மதியம் வந்து கதவைத் தட்டினார். ஒரு வாளியும் துணியுமாக என்னைக் கூட்டிக்கொண்டு போய், மேலிருந்து கீழே எப்படித் துடைப்பது, கைப்பிடிக் கம்பியை எப்படித் துடைப்பது என்று செய்தே காட்டினார். பேச எங்களுக்குள் பொதுமொழி எதுவும் இல்லை. அடுத்த தடவை என் முறை வந்தபோது வெள்ளிக்கிழமையே துடைத்து முடித்தேன். அவர் கதவைத் திறந்து பார்த்துத் தலையசைத்தார். அன்றிலிருந்து என் பார்சல்களை அவர்தான் வாங்கி வைக்கிறார். பக்கத்து வீட்டாரோடு பழக வழி தேடுகிறவர்கள் இந்தப் படிக்கட்டிலிருந்து தொடங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பால், காய்கறி எல்லாம் சனிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும். காலி கண்ணாடிப் புட்டிகளைத் தெருக்கோடிப் பெட்டியில் போடக்கூட அன்று அனுமதி இல்லை, அந்தச் சத்தமும் தொந்தரவுதான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வீடு அமைதியாக இருக்க வேண்டும். மாவு அரைப்பதை நான் சனிக்கிழமை பகலுக்கு மாற்றிக்கொண்டேன். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்கு அதிர்வு போகாது. மின்சாரம் நம் ஊர்போலவே 230 வோல்ட்தான், பிளக் மட்டும் பொருந்தாது. நல்ல அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

சமையல் என்றதும் ஜன்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, இட்லிப் பானையும் குக்கரும் ஏற்றினால் அந்த ஈரம் எங்கே போகும்? சுவரில்தான். எங்கள் படுக்கையறை மூலையில் முதல் குளிர்காலத்திலேயே கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஹீட்டரை அடைத்துவிட்டு, ஜன்னல்களை முழுக்கத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்று ஓட விட்டு மூடுங்கள். ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைப்பதில் பயனில்லை, சுவர்தான் குளிர்ந்துபோகும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். தட்டம்மை தடுப்பூசி இரண்டு தவணை போட்ட சான்றை கைப்பையிலேயே கொண்டு வாருங்கள். 2020 மார்ச் முதல் பள்ளிக்கும் மழலையர் காப்பகத்துக்கும் அது சட்டப்படி தேவை. டொய்ச் (ஜெர்மன் மொழி) தெரியாத பிள்ளைகளை இங்கே தயாரிப்பு வகுப்பில் சேர்ப்பார்கள். என் பெரியவன் அந்த வகுப்பில் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. நான் பயந்துபோய், வீட்டிலும் தட்டுத்தடுமாறி டொய்ச்சிலேயே அவனிடம் பேச ஆரம்பித்தேன். தமிழ்க் கடையில் பார்த்த ஈழத்து அக்கா ஒருவர்தான் என்னைத் தடுத்தார். “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பிள்ளைகளோட வீட்டில தமிழ்தான் கதையுங்கோ. டொய்ச் அதுகள் தானாப் பழகிடுங்கள்.” அவர் சொன்னபடியே விட்டுவிட்டேன். நாலாவது மாதம் ஒரு மாலை, தம்பியோடு சண்டை போடும்போது அவன் வாயிலிருந்து முழு வாக்கியமாக டொய்ச் வந்தது. அந்த அக்காவின் வழியாகத்தான் சனிக்கிழமைத் தமிழாலயமும் எங்களுக்குக் கிடைத்தது. 1980-களில் போருக்குத் தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இங்கே கட்டி வைத்திருக்கும் தமிழ்ப் பள்ளிகள் நமக்கும் திறந்திருக்கின்றன. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

இங்கே சின்னப் பிள்ளைகள்கூடத் தனியாக நடந்து பள்ளிக்குப் போவார்கள். அதற்கு முன் ஒரு வாரம் கூடவே நடந்து, எந்த இடத்தில் சாலையைக் கடப்பது என்று காட்டிக்கொடுங்கள். அப்புறம், டிக்கெட் மலிவு என்று விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே ஊருக்குக் கிளம்ப முடியாது. பள்ளி கட்டாயம், அபராதம் விழும்.

உயிருக்கு ஆபத்து என்றால் 112. ராத்திரியில் காய்ச்சல், டாக்டர் இல்லை என்றால் 116117. இரண்டையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

வீட்டில் வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. மூன்றாவதாக வீட்டில் இருப்பவருக்குத்தான் நாள் நீளமானது. எங்கள் வீட்டில் அது நான். வந்தது நவம்பரில். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ப்ளூ கார்டில் (உயர்தகுதி வேலைக்கு வருகிறவர்களுக்கான குடியிருப்பு அனுமதி) வந்தவரின் துணைவருக்கு வேலை செய்ய முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மொழி வகுப்பையும் தள்ளிப்போட்டேன், ‘வீடு செட்டில் ஆகட்டும்’ என்று. வீடு செட்டில் ஆவதற்காகக் காத்திருக்காதீர்கள். மக்கள் கல்வி நிலையத்தில் (ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல என்பார்கள்) முதல் மாதமே பெயர் கொடுங்கள். கார் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர் உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். குளிர்காலத்தில் தினமும் மதியம் அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள், வேலை எதுவும் இல்லாவிட்டாலும்.

ஊருக்குப் பேசும் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் மாலை 4 மணிக்கு அம்மாவைக் கூப்பிடுகிறேன். கோடையில் அங்கே இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதை முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முதல் வருடம் நான் சொல்ல மறந்து, அவர் ஏழரையிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.