மேக்ஸ் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் ஜிம்முக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வரும் தம்பிகளில் பாதிப் பேருக்கு மேக்ஸ் போட்டுப் பார்க்கும் ஆசைதான். ஒரே ஒரு தடவை, முழு அசைவோடு, அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று பார்ப்பது. நல்ல ஆசை. ஆனால் போன மாதம் ஒரு தம்பி, பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

90 கிலோ. பக்கத்தில் ஆளில்லை. பார் நெஞ்சைத் தொட்டது, பாதி ஏறியது, நின்றுவிட்டது. இடது முழங்கை நடுங்க, பார் கழுத்துப் பக்கம் சரிய ஆரம்பித்தது. தட்டுகள் கழலாமலிருக்க இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கியிருந்ததால் சாய்த்துத் தட்டுகளைக் கொட்டவும் வழியில்லை. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். தனியாக மேக்ஸ் போடவே போடாதீர்கள். பிடிக்க ஆள் வேண்டும், அல்லது நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே தடுப்புக் கம்பி வேண்டும். கட்டைவிரல் பாரைச் சுற்றியிருக்க வேண்டும். நீங்கள் ‘எடு’ என்று சொன்னால்தான் பிடிக்கிறவர் பாரைத் தொடணும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வார்ம்-அப்பிலேயே களைத்துப்போவது. 100 கிலோ தூக்க நினைப்பவர் 60-ஐப் பத்து தடவை, 80-ஐ எட்டு தடவை போட்டால் 100-க்கு என்ன மிச்சமிருக்கும்? வெறும் பாரில் பத்து, 50-இல் ஐந்து, 70-இல் மூன்று, 80-இல் இரண்டு, 90-இல் ஒன்று. அப்புறம் 95, 100. கனமான முயற்சிகளுக்கு நடுவே மூன்று முதல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். வியர்வை காய்ந்துவிடுமே என்று அவசரப்பட வேண்டாம்.

நாளும் முக்கியம். காலையெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிவிட்டு வரும் தம்பியின் முதுகும் பிடியும் ஏற்கெனவே களைத்திருக்கும். அன்று டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து பாரைத் தூக்கும் எண் குறைந்தால் அது அவன் பலம் குறைந்ததாக ஆகாது. ஓய்வு நாளில் வரட்டும்.

பழைய ஜிம்களில் பவுண்டு தட்டும் கிலோ தட்டும் கலந்து கிடக்கும். 45 பவுண்டு என்பது 20.4 கிலோ. அதை 20 கிலோ தட்டு என்று நினைத்து நான்கு போட்டாலே ஒன்றரை கிலோவுக்கு மேல் கணக்கு பிசகும்.

மேக்ஸ் போடாமலே கணக்குப் போடலாம். எடையை, தடவைகளை 30-ஆல் வகுத்து 1 கூட்டிய எண்ணால் பெருக்கினால் போதும். 80 கிலோ ஐந்து தடவை என்றால் சுமார் 93. இது எப்லி சூத்திரம். பிரிசிக்கி என்ற இன்னொரு சூத்திரத்தில் அதே ஐந்து தடவைக்கு 90 வரும். இருபது தடவை தூக்கிவிட்டு இந்தக் கணக்கைப் போடுவது வீண், அங்கே அளக்கப்படுவது தாக்குப்பிடிக்கும் திறன்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஐந்து தடவைக் கணக்கே போதும் என்பேன்.

மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மேக்ஸ் பக்கம் போகாதீர்கள்.

நெஞ்சில் இடித்துத் துள்ளவைத்த பாரையும், தோளில் பாரோடு பாதி வரை மட்டும் உட்கார்ந்து எழுந்த ஸ்குவாட்டையும் நோட்டில் எழுதாதீர்கள். நம் மலேசிய வீரர் போனி புன்யாவ் குஸ்தின் பாராலிம்பிக் பெஞ்ச் பிரஸ்ஸில் தங்கம் வாங்கியது தோக்கியோவில் 228 கிலோ, பாரிஸில் 232 கிலோ. அந்தப் போட்டியில் பார் நெஞ்சில் அசையாமல் நின்று மேலே போனால்தான் கணக்கு. இரண்டு தங்கத்துக்கும் நடுவே வித்தியாசம் 4 கிலோதான். இங்கே தம்பிகள் ஒரே வாரத்தில் 10 கிலோ ஏற்றப் பார்க்கிறார்கள். 2.5 கிலோ ஏற்றுங்கள், தம்பி. சின்னத் தட்டுகள் கதவோரத்து வாளியில் இருக்கின்றன.