டிரைவரின் உள்நிலையை டீபக்எஃப்எஸ் வழியாகப் பார்ப்பது எப்படி?

லினக்ஸ் டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) எழுதப் பழகுவோர் உள்ளே நடப்பதை அறிய முதலில் நாடுவது கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) லாகில் செய்தி எழுதும் பிரிண்ட்கே என்னும் ஃபங்ஷனைத்தான். எப்போதோ நிகழும் பிழைக்கு அது போதும். ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கான இன்டரப்டுகளை (உடனே கவனிக்கக் கோரும் சமிக்ஞைகளை) எழுப்பும் கருவியில் அதை வைத்தால், லாக் நிரம்பி வழிந்து, நாம் தேடும் வரி கிடைக்காமலே போய்விடும். வேண்டும்போது மட்டும் திறந்து படிக்க ஒரு கோப்பு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்காகவே கெர்னல் டெவலப்பர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், கெர்னலின் உள்விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் ஃபைல்சிஸ்டமான டீபக்எஃப்எஸ்ஸை 2004இல் எழுதினார். கருவிகளின் விவரங்களைக் கோப்புகளாகத் தரும் மற்றொரு ஃபைல்சிஸ்டமான சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள 'ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு' போன்ற கட்டுப்பாடு எதுவும் இதில் இல்லை.

கெர்னல் கான்ஃபிகரேஷனில் கான்ஃபிக்_டீபக்_எஃப்எஸ் இயக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான கணினிகளில் இது /சிஸ்/கெர்னல்/டீபக் என்ற இடத்தில் தானாகவே மவுண்ட் ஆகியிருக்கும். இயல்பாக ரூட் பயனர் மட்டுமே உள்ளே நுழைய முடியும்.

முதலில், கருவி கண்டறியப்பட்டதும் அழைக்கப்படும், டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனில் டீபக்எஃப்எஸ்_கிரியேட்_டிர் கொண்டு ஒரு டைரக்டரியை உருவாக்கி, அது திருப்பித் தரும் பாயின்டரை டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்டில் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்து, இன்டரப்ட் எண்ணிக்கையை வைத்திருக்கும் 32 பிட் மாறியின் முகவரியை டீபக்எஃப்எஸ்_கிரியேட்_யு32 ஃபங்ஷனுக்கு 0444 (படிக்க மட்டும்) அனுமதியுடன் கொடுத்தால், கேட் கட்டளையால் படிக்கக்கூடிய கோப்பு தயார். இவை வெற்றி பெற்றனவா என்று சோதிக்கத் தேவையில்லை. டீபக்எஃப்எஸ் இல்லாவிட்டாலும் டிரைவர் தன் வேலையைச் செய்தாக வேண்டும்.

கருவியின் பல ரெஜிஸ்டர்களை (அதன் நிலையை வைத்திருக்கும் சிறு நினைவிடங்களை) ஒருசேரக் காட்ட, சீக்_பிரிண்ட்எஃப் மூலம் வரிகளை எழுதும் ஒரு ஷோ ஃபங்ஷனை அமைத்து, டிஃபைன்_ஷோ_ஆட்ரிபியூட் மேக்ரோவால் அதற்குரிய கோப்புச் செயல்பாடுகளைப் பெற்று, டீபக்எஃப்எஸ்_கிரியேட்_ஃபைலிடம் ஒப்படைக்க வேண்டும். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. சில ரெஜிஸ்டர்களின் மதிப்பு படித்தவுடனே அழிந்துவிடும். இன்டரப்ட் நிலையைக் காட்டும் ரெஜிஸ்டர் அத்தகையதாக இருந்து, அதை இந்தக் கோப்பின் வழியே படித்தால், டிரைவருக்குச் சேர வேண்டிய இன்டரப்ட் தொலைந்து, ஆராய வந்த நாமே புதிய பிழையை உண்டாக்கியவர்கள் ஆவோம். ஆகவே டேட்டாஷீட்டைப் பார்த்து அவற்றை விலக்கிவிடுங்கள். கருவி உறக்கநிலையில் இருக்கக்கூடுமானால், படிக்கும் முன் பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் கொண்டு எழுப்பி, படித்து முடித்ததும் விடுவிக்க வேண்டும்.

கடைசியாக ரிமூவ் ஃபங்ஷன். டிரைவரை நீக்கும்போது இந்தக் கோப்புகள் தாமாக மறைவதில்லை. ஸ்ட்ரக்டின் நினைவகத்தை விடுவிக்கும் முன்பே டீபக்எஃப்எஸ்_ரிமூவ்_ரிகர்சிவ் அழைக்கப்படாவிட்டால், விடுவித்த நினைவகத்தைச் சுட்டியபடி கோப்பு அங்கேயே இருக்கும். அடுத்து யாரேனும் அதைப் படித்தால் கெர்னலே நிலைகுலையக்கூடும்.